நீர்நாய் பார்க்க நல்ல நாள்

என் அண்ணன் தங்கராஜுவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். சரியான கல்லுளிமங்கன். பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் கேட்டவர் தன் காடியில் ஏறிக் கதவைச் சாத்திக் கிளப்பிக்கொண்டு போன பிறகு. ஆற்றில் படகு ஓட்டி, வருகிற ஆட்களுக்கு மிருகங்களைக் காட்டுவது அவர் தொழில். வாயைத் திறந்து ஆள் கூப்பிட வேண்டிய தொழிலுக்கு இப்படி ஒருத்தர்.

வாயைத் திறக்கிற வேலையை நான் பார்த்தேன். என் பெயர் செல்வராணி, அவருக்கு நேர் இளையவள். கோத்தா திங்கிக்குக் கீழே, ஜொகூர் ஆறு கடலை நோக்கி அகலமாகிக்கொண்டு போகிற பக்கத்தில், ஒரு கிளையாற்றில் படகு கட்டும் ஜெட்டியில் தகரக் கூரை போட்ட சின்னக் கடை எங்களுடையது. ஒன்பது வருஷமாக அங்கே உட்கார்ந்து டெலிபோன் எடுத்தேன். கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எப்போது வந்தால் நிறையப் பார்க்கலாம்? மற்றப் படகுக்காரர்களிடம் கேட்டால் இன்றைக்கே வாங்க, நாளைக்கும் வாங்க என்பார்கள். முதலை நிச்சயம் என்றுகூடச் சொல்வார்கள், ஏதோ அதை வீட்டில் கட்டிப் போட்டு வளர்ப்பதுபோல.

அண்ணன் நிலாவைப் பார்த்துத்தான் நாள் சொல்வார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் எங்கள் ஆற்றில் சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்குத் தண்ணீர் அடிமட்டத்துக்கு வற்றிவிடும். கரையோரம் சேறு வெளியே வரும், பள்ளங்களில் மீன் மாட்டிக்கொள்ளும், வெயிலும் தணிந்திருக்கும். அந்த மீனுக்காகப் பாக்காவ் என்கிற அலையாத்தி மரத்து வேர்களுக்குள்ளிருந்து நீர்நாய்கள் இறங்கி வரும். மொட்டைத்தலை நாரைகள் வந்து நிற்கும். நண்டு பொறுக்கக் குரங்குகள் வரும். இடையில் அஷ்டமி, நவமி வாக்கில் போனால் அதே சாயங்காலத்தில் தண்ணீர் வேருக்குமேல் ஏறி நிற்கும், இலையையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பலாம். நம் ஆட்களைப் போலவே நீர்நாயும் அஷ்டமி நவமியில் நல்ல காரியத்துக்கு இறங்காது என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரிக்க மாட்டார். அந்த நாட்களில் யாராவது கூப்பிட்டால் டெலிபோனை என் கையிலிருந்து வாங்கி, வராதீங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து இருபது பேர் வருவதாக இருந்தது. அவர்களையும் அப்படித்தான் நிறுத்தினார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததை அவர் கவனித்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

பெக்கோக் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். அப்பா ரப்பர்ப் பாலுக்குக் கித்தா மரம் சீவினார். தோட்டம் கை மாறி, மரத்தையெல்லாம் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது குடும்பத்தோடு கூலாய்க்கு வந்தோம். அண்ணன் செனாய் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தார். அதையும் ஒரு நாள் மூடினார்கள். பிறகு சிங்கப்பூருக்குப் போய்வந்தார், விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலத்தில் வரிசை பிடித்துக்கொண்டு. ஒரு நாள் வீட்டுக்கு வந்து, இனிப் போக மாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டால் பதில் வருமா? மறுவாரம் கையிலிருந்ததைப் போட்டு ஒரு பழைய படகை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். தோட்டத்துப் பிள்ளைக்கு ஆற்றில் என்ன வேலை என்று நான் கத்தினேன். அண்ணி மலர்தான் என்னைச் சமாதானம் செய்தாள்.

மலர் கோவிட் வருஷத்தில் போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை. கருமாதி முடிந்த கையோடு அண்ணன் கோயிலுக்குப் போவதை விட்டார். வீட்டில் மலர் மாட்டிய சாமி படங்களைக் கழற்றவும் இல்லை, அவற்றுக்கு விளக்கு ஏற்றவும் இல்லை. ஊரெல்லாம் அடைத்துக் கிடந்த அந்த மாதங்களில் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போய் ஆற்று வளைவில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று எனக்குப் பயம். அங்கேதான் அந்த நீர்நாய்க் குடும்பத்தைப் பார்த்தார். வளைவில், கரை உயர்ந்து பாக்காவ் மரங்கள் அடர்ந்திருக்கும் இடத்தில், வேருக்கடியில் அவற்றின் வளை. ஐந்து வருஷமாக அதே வளை. எந்தத் தாய்க்கு எந்தக் காது கிழிந்திருக்கும், எந்த வருஷம் எத்தனை குட்டி, எது பிழைத்தது என்று அத்தனையும் அவருக்குத் தெரியும். என் பிள்ளைகளின் பிறந்தநாள் மட்டும் தெரியாது.

அந்த வளைவுக்குத்தான் கேடு வந்தது. ஒரு கம்பெனி அந்தக் கரையை எடுத்து, மரங்களைத் தள்ளி, இறால் குளம் வெட்டப்போவதாகப் பலகை நட்டது. பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்களும் நாங்களும் சேர்ந்து அரசாங்க ஆபீசுக்குக் கடுதாசி போட்டோம். ஆறு மாதம் கழித்து ஆபீசிலிருந்து பதில் வந்தது. மிருகங்களைப் பற்றித் தெரிந்த ஒருவரை இரண்டு முறை அனுப்புவார்கள். பாதுகாக்க வேண்டிய மிருகம் அந்தக் கரையில் குட்டி போட்டு வாழ்கிறது என்று அவர் கண்ணால் பார்த்து எழுதினால், அந்தக் கரையைத் தொட மாட்டார்கள். பார்க்கவில்லை என்றால் குளம் வெட்டுவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

முதல் தடவைக்கு நாளை ஆபீசே குறித்தது. நவமி, நடுப்பகல். வந்தவர் பிரேமளா என்று ஒரு பெண், ஜொகூர் பாரு. சிலோன் தமிழ்க் குடும்பம், தாத்தா ரயில்வேயில் இருந்தாராம். நல்ல மாதிரி, தரையில் உட்கார்ந்து எங்களோடு நாசி லெமாக் சாப்பிட்டாள். ஆனால் இரண்டு மணி நேரம் வெயிலில் சுற்றியும் அவள் பார்த்தது ஓர் உடும்பும் இரண்டு காக்காயும்தான். ஆட்கள் எடுத்த வீடியோக்களை என் டெலிபோனில் காட்டினேன். அதில் நீர்நாய் கொட்டிக் கிடந்தது. எந்த இடத்தில் எடுத்தது என்று கேட்பார்கள், இதை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றாள். படகிலிருந்து இறங்கும்போது அண்ணனிடம் ஒன்று சொன்னாள்.

“அண்ணே, அடுத்த தடவ நாள நீங்களே சொல்லுங்க. ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன். ஆனா அதுதான் கடைசி, அதுக்கு மேல எனக்கு டைம் குடுக்க மாட்டாங்க.”

அண்ணன் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை. ஆறு வாரம் வளைவுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். அந்த வருஷம் தாய் நான்கு குட்டி போட்டிருந்தது. வேருக்குள்ளேயே வைத்திருந்த குட்டிகளை, தண்ணீர் நன்றாக வற்றுகிற சாயங்காலங்களில் மட்டும் சேற்றில் இறக்கி மீன் பிடிக்கப் பழக்கியது. ஒரு பௌர்ணமியில் இறக்கியது, அடுத்த அமாவாசையில் இறக்கியது, அதற்கடுத்த பௌர்ணமியிலும் இறக்கியது. மூன்று தடவையும் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள். பிறகுதான் கடைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். வருகிற அமாவாசை, ஐந்தரை என்று பிரேமளாவுக்குச் சொல்லச் சொன்னார். மறுநாளும் நல்ல நாள்தான், ஆனால் பிரேமளா மறுநாள் காலையில் கோலாலம்பூர் போய் அறிக்கை கொடுக்க வேண்டும். ஆக, அந்த ஒரு சாயங்காலம்தான்.

நான் டெலிபோன் பேசி முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

“அந்தக் கரையும் போச்சுன்னா நான் என்ன செய்வேன்னு தெரியல, ராணி,” என்றார்.

மலர் செத்தபோதுகூட அவர் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் போன பிறகு கடைக்குள் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு, இந்த மனுஷன் சாமியை விட்டால் என்ன, நான் விடவில்லையே என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

நாங்கள் கும்பிடுகிற முனீஸ்வரர் கோயில், நாங்கள் பிறந்த தோட்டத்தது இல்லை, ஜெட்டிப் பக்கம் முன்பிருந்த வேறொரு பழைய தோட்டத்துக் கோயில். தோட்டத்து ஜனமெல்லாம் பண்டார் தெங்காரா, கூலாய் என்று சிதறிவிட்டது. கமலநாதன் என்பவர் மட்டும் சாவி வைத்துக்கொண்டு விளக்கேற்றி வந்தார். அமாவாசைக்கு அமாவாசை ஒரு மணியடித்து, ஒரு தட்டுச் சர்க்கரைப் பொங்கல் படைப்பார், நாலு பேர் நிற்பார்கள். நான் போவேன். ஜெட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்தால் செம்பனைக்குள் சுற்றிச் சுற்றிக் கால் மணி நேரம். இந்த வழியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருஷமாக ஜெட்டியில் உட்கார்ந்திருந்தாலும் தண்ணீர் என்றால் எனக்குப் பயம். படகில் மொத்தம் மூன்று தடவை ஏறியிருப்பேன், மூன்று தடவையும் கண்ணை மூடிக்கொண்டு. எனக்குத் தெரிந்ததெல்லாம் சாலை.

முனியாண்டி, அண்ணனைக் காப்பாத்து, அந்தப் பெண் குட்டிகளைப் பார்க்கணும், உனக்கு உறுமி மேளம் வைத்துப் பூசை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். காரியம் நடந்த பிறகு செய்தால் பேரம் பேசுவது மாதிரி இருக்கும் என்று, முன்கூட்டியே செய்துவிடத் தீர்மானித்தேன். அது ஆடி அமாவாசை வேறு. கூலாயிலிருந்து எட்டுப் பேர் கொண்ட உறுமிக் கூட்டத்துக்குச் சொன்னேன். ஒலிபெருக்கிக்குச் சொன்னேன். கமலநாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கோயிலில் மேளம் கேட்டு எத்தனை வருஷமாச்சு என்று அவரே பழைய ஆட்களுக்கெல்லாம் டெலிபோன் போட்டார். தீபாராதனை எத்தனை மணிக்கு என்று கேட்டார். சரியாக ஐந்தரைக்கு என்றேன். படகு வளைவுக்குப் போய்ச் சேருகிற அதே நிமிஷத்தில் சாமிக்குக் கற்பூரம் காட்ட வேண்டும் என்பது என் கணக்கு.

அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் கோயில் பேச்சே வேண்டாம் என்பார், எதற்கு வம்பு என்று விட்டேன். கமலநாதனிடமும் வேண்டுதல் என்று மட்டும் சொன்னேன், என்ன வேண்டுதல் என்று வெளியே சொன்னால் பலிக்காது என்று. இரண்டு பேரில் ஒருவரிடம் முழுசாகச் சொல்லியிருந்தாலும் போதும். வாய் ஓயாத கழுதை நான். பேச வேண்டிய ஒரு நாளில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு எல்லாம் நன்றாகவே நடந்தது. மழை இல்லை, காற்று இல்லை. பிரேமளா நாலரைக்கே வந்துவிட்டாள், பெரிய கேமராவோடு. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கல்யாணத்துக்குப் போகிறவர் போல. சேறு அப்போதே கரையோரம் தெரிய ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நான் அவருக்குத் தெரியாமல் படகின் மூக்கில் கொஞ்சம் திருநீறு பூசினேன். அவர்கள் ஐந்துக்குக் கிளம்பினார்கள். நான் கடையைச் சாத்திவிட்டு மோட்டாரை முடுக்கினேன்.

கோயிலில் நல்ல கூட்டம், நாற்பது ஐம்பது பேர். ஐந்தே காலுக்கு உறுமியை ஆரம்பித்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அடிக்கிற அடி உங்களுக்குத் தெரியும், நெஞ்சுக்குள் போய்ப் பேசும். அதை ஒலிபெருக்கி வாங்கி நாலு பக்கமும் அனுப்பியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை சத்தத்தில் கூப்பிட்டால் எந்தச் சாமிதான் வராமலிருக்கும் என்று நினைத்துக் கண்ணீர் விட்டேன். ஐந்தரைக்குக் கற்பூரம் காட்டினார்கள். சாமிக்குப் படைத்த பூவை ஆற்றில் விட்டு வா என்று கமலநாதன் என் கையில் தட்டைக் கொடுத்தார். கோயிலுக்குப் பின்னால் படி இறங்கினால் ஆறு. பல வருஷமாக அந்தப் பக்கம் போனதில்லை நான், புதர் மண்டிக் கிடக்கும். அன்றைக்குப் பூசைக்காக வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள்.

படியில் இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். எதிர்க்கரையில் சேறு பளபளவென்று கிடந்தது. பாக்காவ் மரங்கள் அடர்ந்து நின்றன. கரைக்கு இந்தப் பக்கம், என்னிடமிருந்து ஒரு பந்து எறியும் தூரத்தில், எங்கள் படகு இயந்திரம் அணைத்து நின்றது. பிரேமளா கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் எழுந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாலையில் கால் மணி நேரம் சுற்றி வந்த இடம், ஆற்றில் அந்த வளைவுக்கு நேர் எதிர்! இது எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷமாக அந்த வளைவைப் பற்றி டெலிபோனில் அளந்தவளுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது.

தட்டைப் போட்டுவிட்டுப் படியேறி ஓடினேன். நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஓடின வேகத்தில் கொண்டை அவிழ்ந்து தலைமுடி முகத்தில் விழுந்தது. கையை ஆட்டிக்கொண்டு, அழுதுகொண்டு, உறுமிக்காரப் பையன் ஒருவனின் குச்சியைப் பிடித்து இழுத்தேன். அவன் என்ன நினைப்பான்? எனக்குச் சாமி வந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். ஆடி அமாவாசை, முனீஸ்வரர் சன்னிதி, வேண்டுதல்காரி தலைவிரி கோலமாக அலறிக்கொண்டு வருகிறாள். அடி, அடி, விடாதே என்று கமலநாதன் கையைக் காட்டினார். எட்டுப் பேரும் என்னைச் சுற்றி நின்று இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தார்கள். பொம்பளைகள் குலவை போட்டார்கள். இரண்டு பேர் என்னை இடுப்பில் பிடித்துக்கொள்ள, ஒருத்தி குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். நான் என்ன சொன்னாலும் அருள்வாக்காகிவிட்டது. அடுத்த மாதம் தன் மகளுக்கு வரன் அமையுமா என்று ஒருத்தி என் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

அந்த இடத்தில் நான் சிரிக்கவா அழவா? கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் கமலநாதனின் சட்டையைப் பிடித்து, நான் செல்வராணி, எனக்குச் சாமியும் இல்லை பூதமும் இல்லை, எதிர்க்கரையில் அண்ணன் நிற்கிறார் என்று காதுக்குள் சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று. மேளம் நின்றது. மோட்டார் கூடையில் கிடந்த என் டெலிபோனில் அண்ணனிடமிருந்து பதினோரு அழைப்பு வந்திருந்தது.

மறுபடி படிக்கு ஓடினேன். ஆறு அப்படியே கிடந்தது. சேற்றில் ஒரு பறவைகூட இல்லை. அண்ணன் இப்போது உட்கார்ந்துவிட்டார். இருட்டு இறங்கி ஏழரை மணி ஆகும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். நானும் படியில் ஈரச்சேலையோடு உட்கார்ந்து, வெளியே வா தாயே, ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போ தாயே என்று அந்த நீர்நாயைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையை எல்லாரும் சொல்வார்கள். தாழியை உடைத்தவள் எப்படி இருந்தாள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஜெட்டிக்கு நான் திரும்பியபோது பிரேமளா காடியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அண்ணனிடம்தான் பேசினாள்.

“நீங்க சொல்றத நான் நம்புறேன் அண்ணே. ஆனா நான் பாத்ததத்தான் எழுத முடியும்.”

அவளைக் குறை சொல்ல மாட்டேன். இன்னும் ஒரு வாரம் கேட்டு ஆபீசுக்கு எழுதினாள், கிடைக்கவில்லை. அறிக்கையில் நீர்நாய் இருக்க வாய்ப்புண்டு என்று ஒரு வரி சேர்த்தாளாம். வாய்ப்புண்டு என்ற சொல்லை வைத்து ஒரு கரையை எப்படிக் காப்பாற்றுவது? மூன்றாம் நாளே தாய் நான்கு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு அதே சேற்றில் இறங்கியது. அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து சொல்லவும் செய்தார், அந்த மனுஷன்.

பூசை நடந்த அன்று இரவே நான் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். திட்டுங்கண்ணே, ரெண்டு அறை வேணும்னாலும் அறைங்க, இப்படிச் சும்மா இருக்காதீங்க என்றேன். அவர் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். மூக்கில் நான் பூசிய திருநீறு தண்ணீரோடு வழிந்து போவதை இரண்டு பேரும் பார்த்தோம்.

“நீ எனக்கு நல்லதுதானே நெனச்ச. போய்ப் படு,” என்றார்.

அறைந்திருந்தால் வலி ஒரு நாளில் போயிருக்கும். இதை நான் சாகும்வரை சுமக்க வேண்டும். கோயிலுக்கு இன்றுவரை போகவில்லை. சாமி மேல் கோபமா என்று கேட்கிறார்கள். சாமி என்ன செய்யும்? சாமிக்குச் சாலையும் தெரியும், ஆறும் தெரியும். தெரியாதவள் நான்.

அதற்குப் பிறகு அவர் படகை எடுக்கும்போதெல்லாம் நானும் ஏறிக்கொண்டேன். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். வளைவு வரும், படி தெரியும், எதிரே மரம் தெரியும். எத்தனை கிட்டே என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். இதற்கு மேல் எனக்கு என்ன தண்டனை கொடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம் மண்வாரி இயந்திரங்கள் வந்தன. மூன்று நாள் மேல்பக்கம் வேலை செய்தார்கள். நாலாம் நாள் சனிக்கிழமை. ஜொகூர் பாருவிலிருந்து ஒரு குடும்பம் வந்து நின்றது, ஆறு பேர். அவர்களை வர வேண்டாம் என்று அண்ணன் ஏற்கனவே டெலிபோனில் சொல்லியிருந்தார். தண்ணீர் ஏறி நிற்கும் நேரம், நடுப்பகல், மேலே இயந்திரம் வேறு. லீவு இன்றைக்குத்தான் கிடைத்தது, சும்மா ஒரு சுற்றுச் சுற்றினால் போதும் என்றார்கள். அண்ணன் உயிர்காப்புச் சட்டைகளை எடுத்துக் கொடுத்தார்.

வளைவில் திரும்பியதும் நான் என் வாயைப் பொத்திக்கொண்டேன். கரையில் பாதி இல்லை. சிவப்பு மண் மொட்டையாகக் கிடந்தது, அதன்மேல் இரண்டு மஞ்சள் இயந்திரங்கள் உறுமிக்கொண்டு நின்றன. வேரோடு பிடுங்கிப் போட்ட பாக்காவ் மரங்கள் தண்ணீரில் பாதியும் கரையில் பாதியுமாகக் கிடந்தன. ஒளிய இடமில்லாமல் எல்லாம் வெளியே வந்திருந்தன. மிச்சமிருந்த மூன்று மரங்களில் இருபது குரங்குகளுக்குமேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. நாரைகள் வெட்டிப் போட்ட மண்ணின்மேல் வரிசையாக நின்றன. நீர்நாய்த் தாய் நடு ஆற்றில், உச்சி வெயிலில், ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு இந்தக் கரைக்கு நீந்தியது. கோயில் படியில் குட்டியை விட்டுவிட்டுத் திரும்பிப் போய் இன்னொன்றைக் கவ்வியது. இரண்டு குட்டிகள்தான் இருந்தன. மூன்றாவது தடவையும் அது திரும்பிப் போய், வளை இருந்த இடத்தில் மொட்டை மண்ணை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. படகை அது பொருட்படுத்தவே இல்லை. கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு கிட்டே போயிற்று.

படகில் இருந்தவர்கள் எழுந்து நின்று வீடியோ எடுத்தார்கள். அந்தக் குடும்பத்து அம்மா ஆசையும் ஆச்சரியமுமாக என் பக்கம் திரும்பி, இத்தனை மிருகத்தை ஒரே இடத்தில் டிவியில்கூடப் பார்த்ததில்லை என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்.

“அங்கிள், போன்ல வராதீங்கன்னு சொன்னீங்களே லா. அதக் கேட்டிருந்தா இவ்ளோ நல்ல நாள விட்டிருப்போமே!”

அண்ணன் இயந்திரத்தை அணைத்தார். படகு தானாக நகர்ந்து மொட்டைக் கரைக்கு நேராகப் போய் நின்றது.

“ஆமாம்மா. இதுக்கு மேல நல்ல நாள் கெடையாது,” என்றார். “அவசரமில்ல. நல்லாப் பாத்துக்குங்க.”